இனிப்பைத் தேர்வதும் ஓர் அறமே

காதி வினைகளை வென்று கடையிலா அறிவை எய்திய அருகப் பெருமானின் திருவடிகளை வணங்கி, அன்பிற்குரிய சிராவக சிராவகியர் முன் ஓர் எளிய பொருளைப் பற்றிச் சில சொற்கள் கூற விழைகின்றேன். பொருள் எளியது; அடுக்களையில் நாள்தோறும் கையாளப்படுவது. எனினும் அதனுள் அகிம்சையும் உண்டு, சத்தியமும் உண்டு, தவமும் உண்டு.

அட்சய திருதியை நாளைப் பொன் வாங்கும் நாளாக இன்று பலர் கொண்டாடுகின்றனர். நமக்கு அது கரும்பின் நாள். ஆதிநாதராகிய விருஷப தேவர் துறவு பூண்டு ஆறு திங்கள் உண்ணா நோன்பிருந்தார். அதன்பின் உணவு ஏற்க ஊர்தோறும் எழுந்தருளினார். துறவிக்கு உணவளிக்கும் முறையை உலகம் அன்று அறிந்திருக்கவில்லை. மக்கள் அவர்முன் யானையையும் குதிரையையும் நிறுத்தினர். மணிகளையும் பட்டாடைகளையும் வைத்தனர். மணம் முடிக்கக் கன்னியரையும் அழைத்து வந்தனர். அவர் ஒன்றும் பேசாது நடந்தார். இவ்வாறு ஓராண்டுக்கும் மேலாயிற்று. இறுதியில் அஸ்தினாபுரத்தில் சிரேயாம்ச குமாரன் பெருமானைக் கண்ட அளவில் தன் முற்பிறப்பை உணர்ந்தான். முன்னொரு பிறவியில் முனிவர்க்கு உணவளித்த முறை அவன் நினைவிற்கு வந்தது. தூய கரும்பின் சாற்றைப் பெருமானின் கரங்களில் வார்த்தான். இவ்வுலகின் முதல் ஆகார தானம் அதுவே என்று நம் புராணங்கள் போற்றுகின்றன.

இவ்வரலாற்றை மாணவர்க்குச் சொல்லும்போதெல்லாம் நான் ஒரு வினா எழுப்புவதுண்டு. யானையைக் கொண்டுவந்து நிறுத்தியவனிடம் அன்பு குறைவாக இருந்ததா? இல்லை. அவனிடம் குறைந்தது அறிவு. பெறுபவர்க்கு எது தேவை, எது தகும் என்று அவன் ஆராயவில்லை. சிரேயாம்சனிடம் அன்பும் இருந்தது, அறிவும் இருந்தது. கொடுக்கும் கைக்கு இவ்விரண்டும் வேண்டும் என்பதே அக்கரும்புச் சாறு நமக்குக் கற்பிக்கும் பாடம்.

வந்து சேர்ந்த வெள்ளைச் சர்க்கரை

தொண்டை நாட்டுச் சிற்றூர்களில் முதியோர் வெள்ளைச் சர்க்கரையை ‘அஸ்கா’ என்று கூறக் கேட்டிருப்பீர்கள். இப்பெயர் தமிழன்று. முன்னாளில் சென்னை மாகாணத்தோடு இணைந்திருந்த, இன்று ஒடிசாவில் உள்ள கஞ்சம் மாவட்டத்து அஸ்கா என்னும் ஊரில் 19ஆம் நூற்றாண்டில் சர்க்கரை ஆலை ஏற்பட்டது. அங்கிருந்து வந்த சர்க்கரைக்கு ஊரின் பெயரே பெயராயிற்று. நம் பாட்டியர் காலத்தில் அது விருந்தினர் வரும் நாளில் மட்டும் எடுக்கப்பட்ட பொருள். அன்றாடப் புழக்கத்தில் இருந்தவை வெல்லமும் கருப்பட்டியுமே. இன்று நிலை தலைகீழாயிற்று.

ஆகவே, "வெள்ளைச் சர்க்கரையை விட்டு இயற்கையான இனிப்பிற்குத் திரும்பலாமா? எதற்குத் திரும்புவது?" என்று நம் இல்லத்துப் பெண்கள் கேட்கின்றனர். நல்ல கேள்வி. இக்கேள்விக்கு நான் ஒருமுறை தவறான விடை அளித்தேன். அதனை முதலில் கூறிவிடுதல் என் கடமை.

நான் செய்த பிழை

சில ஆண்டுகளுக்கு முன் தசலட்சண பர்வத்தின்போது பெண்கள் கூடிய அவையில் உணவொழுக்கம் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்தனர். கேட்டறிந்த செய்திகளை ஆராயாமல் அங்கே உரைத்தேன். வெள்ளைச் சர்க்கரையில் எலும்புச் சாம்பல் கலந்துள்ளது என்றேன். வெல்லமும் கருப்பட்டியும் இயற்கையானவை. ஆதலின் எவ்வளவு உண்டாலும் தீங்கில்லை, அவை மருந்து என்றேன். அவையோர் மகிழ்ந்தனர். நானும் மகிழ்ந்தேன்.

அவையில் முதிய அம்மையார் ஒருவர் இருந்தார். இருபது ஆண்டுகளாக நீரிழிவு நோய் உடையவர். அதுவரை வாயைக் கட்டி வாழ்ந்தவர். ஆசிரியை சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பி, மறுநாள் முதல் கருப்பட்டிக் காப்பி மூன்று வேளை அருந்தினார். மாலையில் வெல்லம் சேர்த்த எள்ளுருண்டை உண்டார். மருத்துவர் கேட்டபோது, "சர்க்கரையைத் தொடுவதே இல்லை" என்று உள்ளத் தூய்மையோடு விடையிறுத்தார். நான்கு திங்களில் காலில் ஒரு புண் தோன்றி ஆறாமல் போயிற்று. இரண்டு விரல்களை எடுக்க நேர்ந்தது.

நான் காணச் சென்றேன். அவர் என்னைப் பழிக்கவில்லை. "நீங்கள் நல்லதற்குத்தானே சொன்னீர்கள், டீச்சரம்மா" என்றார். அச்சொல்லை இன்றளவும் என்னால் மறக்க இயலவில்லை. புண்ணுக்கு வேறு காரணங்களும் இருந்திருக்கலாம். ஆயினும் அவருடைய விழிப்பைக் கெடுத்தது என் சொல்லே.

பேச்சு வழக்கில் ‘பிரமாதம்’ என்றால் மிகச் சிறப்பு என்று பொருள் கொள்கிறோம். நம் ஆகமங்களில் அச்சொல்லுக்குச் சோர்வு, கவனமின்மை என்பதே பொருள். பிரமாதத்தால் உயிர்க்கு ஊறு விளைவிப்பதையே உமாசுவாமிகள் தத்துவார்த்த சூத்திரத்தில் இம்சை என்று இலக்கணப்படுத்தினார். கத்தி எடுத்தால்தான் இம்சை என்பதில்லை. ஆராயாமல் உரைத்த அறிவுரையும் இம்சையாகலாம். அன்று மாலை பிரதிக்கிரமணத்தில் அமர்ந்தபோது, அறிந்தவற்றை மட்டுமே இனி அவையில் கூறுவேன் என்று உறுதி பூண்டேன். இக்கட்டுரையும் அவ்வுறுதியின் ஒரு பகுதியாகும்.

உள்ளது உள்ளபடி

கரும்பைப் பிழிந்த சாற்றோடு சுண்ணாம்பும் கந்தகப் புகையும் சேர்த்து அழுக்கை நீக்குவதே நம் நாட்டு ஆலைகளில் பெருவழக்கு. தெளிந்த சாற்றைக் காய்ச்சிப் படிகமாக்கி, சுழலும் பொறியில் இட்டுக் கழிவுப் பாகைப் பிரித்தால் வெள்ளைச் சர்க்கரை கிடைக்கிறது. இம்முறையில் எலும்புக் கரிக்கு இடமில்லை. அமெரிக்கா முதலிய அயல்நாடுகளின் சில சுத்திகரிப்பு ஆலைகளில் நிறம் நீக்க மாட்டெலும்புக் கரி பயன்படுவது உண்மை. அங்கு வாழும் நம் பிள்ளைகள் இதனைக் கேட்டறிந்து வாங்க வேண்டும். பீட் கிழங்கிலிருந்து எடுக்கும் சர்க்கரைக்கு எலும்புக் கரி வேண்டுவதில்லை; ஆனால் கந்தமூலம் விலக்கும் நோன்புடையோர் அதனையும் எண்ணிப் பார்த்தல் நலம்.

ஆக, நம் நாட்டுச் சர்க்கரையை விலக்குவதற்கு எலும்பைக் காரணம் காட்டுதல் பொருந்தாது. வெள்ளைச் சர்க்கரையின் உண்மையான குறை வேறு. அது ஏறத்தாழ முழுவதும் சுக்ரோஸ் என்னும் ஒரே பொருள். வேறு சத்து அதில் இல்லை. நிறமும் மணமும் இன்மையால் எதிலும் கலக்கும். எவ்வளவு உண்டோம் என்பது நாவிற்கே தெரியாமல் உள்ளே செல்லும். பொய்க் காரணம் கூறி ஒன்றை விலக்கினால், பொய் வெளிப்படும் நாளில் விலக்கும் போய்விடும்.

மாற்றாகக் கூறப்படுபவை

ஒவ்வோர் இனிப்பையும் இரண்டு அளவுகோல்களால் அளப்போம். ஒன்று, அது பிற உயிர்க்கு ஊறு செய்கிறதா? மற்றொன்று, அது உண்பவர் உடலுக்கு ஊறு செய்கிறதா? நம் உடலில் உறையும் உயிரும் உயிரே.

*தேன்.* இயற்கை இனிப்பு என்றவுடன் உலகத்தார் முதலில் கூறுவது தேனையே. நமக்கு அதில் ஐயமில்லை. சமந்தபத்திர சுவாமிகள் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் இல்லறத்தார்க்கு வகுத்த எண்வகை மூலகுணங்களில் மது, மாமிசம் ஆகியவற்றோடு தேனும் விலக்கப்பட்டது. அருங்கலச்செப்பின் வழியே இவ்வொழுக்கம் தமிழிலும் வழங்குகிறது. கூட்டிலிருந்து தானே ஒழுகிய தேனும் ஆகாது என்பார் அமிருதசந்திர சூரி. அதனைச் சார்ந்து வாழும் நுண்ணுயிர்கள் மடியும் என்பது அவர் காட்டும் காரணம். இங்கு ஓர் எச்சரிக்கை. பொட்டலங்களில் காணும் பச்சைப் புள்ளி, தேன் இல்லை என்பதற்குச் சான்றாகாது. நம் நாட்டு உணவுச் சட்டம் தேனையும் பாலைப் போன்று சைவமாகவே கொள்கிறது. ஆதலின் பிஸ்கட், ரொட்டி, சத்துமாவு முதலியவற்றின் சேர்மானப் பட்டியலைப் படித்த பின்னரே வாங்குக.

*வெல்லமும் நாட்டுச் சர்க்கரையும்.* கழிவுப் பாகைப் பிரிக்காமல் சாறு முழுவதையும் காய்ச்சுவதால் சிறிதளவு இரும்பு முதலிய தாதுக்கள் இவற்றில் தங்குகின்றன. எனினும் நாம் உண்ணும் சில தேக்கரண்டியில் கிடைப்பது மிகச் சிறிது. கீரையும் பயறும் கேழ்வரகும் அதனினும் பன்மடங்கு தரும். வெல்லத்தின் பெரும்பகுதியும் சுக்ரோஸே. வாங்கும்போது வெளிர்மஞ்சள் அழகைக் கண்டு மயங்க வேண்டாம். நிறம் வெளுக்க ‘ஹைட்ரோஸ்’ என்னும் வேதிப்பொருளைச் சேர்ப்பவர் உண்டு. சர்க்கரையையே கலந்து காய்ச்சுபவரும் உண்டு. கருமை கலந்த பழுப்பு நிற வெல்லத்தை, அறிந்தவரிடம் வாங்குதல் நன்று. வெல்லம் மழைக்காலத்தில் கசியும். எறும்பும் புழுவும் அடையும். ஆண்டுக்கு வேண்டியதை ஒருசேர வாங்கி மூட்டையாக வைப்பது அகிம்சைக்கு ஒவ்வாது. சிறிது சிறிதாக வாங்கி, இறுக மூடி வைத்து, பயன்படுத்தும்போது நல்ல வெளிச்சத்தில் உதிர்த்துப் பார்த்து, உயிர் ஏதும் இல்லை எனத் தெளிந்த பின்னரே நீரில் இட்டுக் கரைத்து வடிகட்டுக. பாராமல் கொதிநீரில் இட்டு, பின் எறும்பை வடிகட்டுவதில் பயனில்லை. வடிகட்டியில் தங்குவது உடலே, உயிரன்று.

*கருப்பட்டியும் பனங்கற்கண்டும்.* பனை தமிழ்நாட்டின் மாநில மரம். பாளையைச் சீவிக் கட்டும் கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் வடியும் சாறு புளிக்காது, அது பதநீர். சுண்ணாம்பு தடவாவிடில் அதுவே புளித்துக் கள்ளாகும். ஒரே மரம், ஒரே பாளை, ஒரே சாறு. ஒரு விரல் சுண்ணாம்பு ஒன்றை உணவாக்குகிறது, அஃதின்மை மற்றொன்றை மதுவாக்குகிறது. உயிருக்கு ஒழுக்கம் அத்தகைய சுண்ணாம்பு என்பேன். பதநீரை இறக்கிய உடனே வடிகட்டிக் காய்ச்சுபவரிடம் கருப்பட்டி வாங்குதல் வேண்டும். கலயத்தில் ஈயும் வண்டும் விழுதல் இயல்பு. உண்மைக் கருப்பட்டி விலை மிகுந்தது. விலை மலிவாயின் அதில் கலந்திருப்பது பெரும்பாலும் நாம் விட்டுவந்த அஸ்காவே! உடலளவில் கருப்பட்டியும் வெல்லத்தைப் போன்றதே. நீரிழிவு உடையோர்க்கு அது மருந்தன்று. இதனை இருமுறை படிக்குமாறு வேண்டுகிறேன்.

*கனிகள்.* பேரீச்சை, உலர்திராட்சை, வாழை முதலியன இனிப்போடு நார்ச்சத்தும் தருவன. முழுக் கனியாக மென்று உண்ணும்போது வயிறு ‘போதும்’ என்று கூறும். சாறாகப் பிழிந்தால் அக்குரல் கேட்பதில்லை. குழந்தைகளின் கஞ்சியிலும் பாயசத்திலும் பேரீச்சையை அரைத்துச் சேர்க்கலாம். ஒவ்வொரு பேரீச்சையையும் பிளந்து உள்ளே நோக்கிய பின்னரே பயன்படுத்துக. பிளவாத கனியை உண்ணாமை நம் முன்னோர் வகுத்த நெறி.

*சீனித்துளசி.* தென் அமெரிக்காவின் பராகுவே நாட்டுச் செடி. இலையின் சாரம் மிக இனிப்பானது. இரத்தச் சர்க்கரையை உயர்த்தாதது. கடையில் கிடைக்கும் பொடிகளில் வேறு பொருள்கள் கலந்திருத்தலின் பட்டியலைப் படிக்க வேண்டும். உடல் எடையைக் குறைக்கும் வழியாக இத்தகைய இனிப்பூட்டிகளை நம்ப வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2023இல் பரிந்துரைத்தது. முன்பே நீரிழிவு உடையோரை அப்பரிந்துரை உள்ளடக்கவில்லை. அவர்கள் தம் மருத்துவரைக் கேட்டு முடிவு செய்க.

ஒரு சிறு கணக்கு

பள்ளி விட்டும் கணக்கு என்னை விடவில்லை. ஐவர் வாழும் இல்லத்தில் மாதம் 5 கிலோ சர்க்கரையும் வெல்லமும் செலவாவதாகக் கொள்வோம். 5,000 கிராமை ஐவர்க்கும் முப்பது நாட்களுக்கும் பங்கிட்டால், ஒருவர்க்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 33 கிராம். இது எட்டுத் தேக்கரண்டி. கடையில் வாங்கும் இனிப்பும் பிஸ்கட்டும் குளிர்பானமும் இக்கணக்கில் வரவில்லை. நாளொன்றுக்கு 2,000 கலோரி உண்ணும் ஒருவர் உணவில் சேர்க்கும் சர்க்கரை 50 கிராமுக்கு மேற்படலாகாது, 25 கிராமுக்குள் இருப்பின் இன்னும் நன்று என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2015ஆம் ஆண்டு வழிகாட்டலின் சாரம். வெல்லம் இயற்கையானது என்று இக்கணக்கிலிருந்து அதற்கு விலக்கில்லை. உங்கள் இல்லத்துக் கணக்கை இன்றே போட்டுப் பாருங்கள்.

மாற்றினும் மேலானது

எல்லா மாற்றுகளையும் கண்டோம். ஒவ்வொன்றிலும் சிறிது நன்மையும் சிறிது எச்சரிக்கையும் உள்ளன. ஏன்? ஒரு பண்டத்தை விட்டு மற்றொரு பண்டத்தைப் பற்றும்போது நாவின் ஆசை அப்படியே நிற்கிறது. வெள்ளைச் சர்க்கரையின் இடத்தில் கருப்பட்டி அமர்ந்தது, இருக்கை காலியாகவில்லை.

நம் ஆசாரியர்கள் காட்டிய வழி வேறு. ஆறு புறத்தவங்களுள் நான்காவதாகிய இரசபரித்தியாகம், சுவைகளைத் துறத்தல் ஆகும். பால், தயிர், நெய், எண்ணெய், உப்பு, வெல்லம் முதலான இனிப்பு ஆகிய ஆறனுள் ஒன்றையோ பலவற்றையோ விடுதல். முனிவர்கள் இதனை வாழ்நாள் முழுதும் மேற்கொள்வதுண்டு. இல்லறத்தார்க்கு நியமம் என்னும் எளிய படி உளது. வாழ்நாள் முழுமைக்கும் ஏற்பது யமம். ஒரு நாள், ஒரு பட்சம், ஒரு திங்கள் என எல்லை வைத்து ஏற்பது நியமம். அட்டமி, சதுர்த்தசி நாட்களில் இனிப்பை விடுவேன் என்று தொடங்கலாம். தசலட்சணத்தின் பத்து நாட்களும் காப்பியில் இனிப்புச் சேர்க்கேன் என்று தொடங்கலாம். நுகர்பொருளுக்கு அளவு வகுக்கும் போகோபபோக பரிமாண விரதத்திற்கு இதுவே வாயில். சில நாட்கள் இனிப்பு இன்றி இருந்தவர் பாலின் இனிமையையும் கேழ்வரகின் இனிமையையும் மீண்டும் உணர்வார். நீரிழிவுக்கு மருந்து உண்போர் மட்டும் மருத்துவரைக் கேட்டே உண்ணாநோன்பு ஏற்க வேண்டும்; மருந்துண்டு உணவு தவிர்த்தால் இரத்தச் சர்க்கரை அளவுக்கு மீறித் தாழ்ந்து உயிருக்கே இடர் வரலாம்.

பிறர்க்குக் கொடுப்பதிலும் இவ்விழிப்பு வேண்டும். தீபாவளி நமக்கு மகாவீரப் பெருமான் வீடுபேறு எய்திய நாள். அன்று அண்டை வீட்டு முதியவரிடம் லட்டைத் திணித்து, "ஒரு நாள்தானே" என்று வற்புறுத்துவது அன்பாகாது. அது பெருமான்முன் யானையைக் கொண்டுபோய் நிறுத்தியதை ஒக்கும். அவர்க்கு ஒரு கொய்யாக் கனியோ சுண்டலோ அளித்தால் அது சிரேயாம்சன் வழி.

அறநூல் யாத்த நம் சமணப் புலவர்கள் தம் நூல்களுக்கு என்ன பெயர் இட்டனர் என்று எண்ணிப் பாருங்கள். காரியாசான் தம் நூலைச் சிறுபஞ்சமூலம் என்றார். கணிமேதாவியார் தம் நூலை ஏலாதி என்றார். இரண்டும் மருந்தின் பெயர்கள். உயிரின் நோய்க்கு மருந்தாவதே அறம் என்பது அவர்கள் கருத்து.

அந்த அம்மையார் இன்றும் நலமாக உள்ளார். ஊன்றுகோலோடு ஆலயத்திற்கு வருகிறார். சென்ற அட்டமியன்று இருவரும் சேர்ந்து இனிப்பில்லா நியமம் ஏற்றோம். பூசை முடிந்து திரும்புகையில், இனிப்புச் சேராத பாலை அருந்தி, "பாலே இனிக்கத்தான் செய்கிறது" என்றார். நானும் அருந்தினேன். இனித்தது.

அன்பும் அறிவும் நம் கைகளில் ஒருங்கே அமைவதாக. எல்லா உயிர்களும் இன்புறுக.

ஜைனம் ஜயது சாசனம்.